பாய்ப்படகுக்கு ஒரு காவல் மாமனார்

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தான் அவர்கட்கு,

மோர்னிங்சைட்டில் எல்லோரும் சுகம். உங்கள் தங்கை யோகமலர் நல்ல சுகம், அதனால்தான் எனக்குச் சுகமில்லை. ஜேர்மனியில் நீங்களும் பிரதீபா அக்காவும் நலமாயிருக்க அம்பாளை வேண்டிக்கொண்டு விசயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பது, ஆகவே கடிதம்.

தை மாதம் எங்கள் மகள் சாம்பவிக்கும் ராகுலனுக்கும் கலியாண எழுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். சட்டப்படி இருவரும் கணவன் மனைவி. தாலி ஆவணியில்தான், அதுவரை அவர் யூனியன்வில்லில் தாய்வீட்டில், இவள் எங்களோடு. ராகுலன் தங்கமான பிள்ளை, குடிவகை இல்லை, ஒரேயொரு குறை, பாய்ப்படகு ஓட்டுவார். ஆனி மாதம் கிழக்கே ஃபண்டி விரிகுடாவில் ஒரு கிழமைக்குப் படகு எடுத்து, துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கரையில் இறங்கி ஊர் பார்ப்போம் என்று கேட்டிருக்கிறார். சாம்பவி ஓம் என்றுவிட்டாள். யோகமலர் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தா.

"எழுத்து முடிஞ்சா என்ன, தாலி ஏறேல்லை. சனம் என்ன கதைக்கும்? நீங்களும் போங்கோ."

"எனக்கு நீந்தத் தெரியாதேயப்பா."

"உங்களை ஆர் நீந்தச் சொன்னது? நடுவில இருக்கச் சொன்னனான்."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மருமகன் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "மாமா, கரையில எங்க போறது, என்ன பார்க்கிறதெண்டு நீங்களே பிளான் போடுங்கோ" என்றார். பள்ளிக்கூடத்தில் நிலப்படத்தைத் தலைகீழாகப் பிடித்தவன் நான், ஆனாலும் மொன்றியல் கோயிலுக்கு வான் வண்டி பிடித்து ஆட்களைக் கொண்டுபோன அனுபவம் இருக்கிறதல்லவா, அதே மாதிரிக் காலையில் வெளிச்சவீடு, மதியம் சாப்பாடு, பின்னேரம் கடலடியில் நடக்கலாமென்று விளம்பரத்தில் கண்ட இடம், இரவுக்குத் துறைமுகத்துப் பக்கத்து ஹோட்டலில் தனித்தனி அறை என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். தனித்தனி அறை யோகமலரின் இரகசியக் கட்டளை.

ராகுலன் வாசித்துவிட்டுக் கைபேசியில் எதையோ தட்டிப் பார்த்தார்.

"மாமா, நீங்கள் போட்ட நேரத்துக்கு உந்தத் துறைமுகத்தில தண்ணி இராது."

"தண்ணி எங்க போறது?"

"வத்திப் போயிடும். படகு சேத்தில குந்தியிருக்கும். திரும்பக் கடல் ஏறிப் பெருக்கு வந்தாத்தான் உள்ள போகலாம், வெளியில வரலாம். கடலடியில நடக்கிறதுக்கு நீங்கள் போட்டிருக்கிறது பெருக்கு நேரம். நடந்தமெண்டால் தலைக்கு மேல மூண்டு மாடிக்குத் தண்ணி நிக்கும்."

தண்ணீர் வேண்டிய இடத்தில் சேறு, சேறு வேண்டிய இடத்தில் தண்ணீர். சரியென்று பெருக்குக்கு ஒரு மை, வற்றுக்கு ஒரு மை என்று திருத்தினால், பெருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அளவில் பிந்துமாம், வியாழக்கிழமை மதியச் சாப்பாடு பொழுதுபடும் நேரத்துக்குப் போய்விட்டது. எப்படித்தான் பிந்துகிறது என்று பார்க்க அஜக்ஸ் ஏரிக்கரைக்குப் போய், குளிரில் ஒரு கல்லையே பார்த்துக்கொண்டு பின்னேரம் முழுக்க நின்றேன், தண்ணீர் அசையவில்லை. கூட்டிப் போக வந்த சாம்பவி, "அப்பா, திஸ் இஸ் எ லேக்" என்று மட்டும் சொன்னாள்.

அதைவிடப் பெரிய பயம், வற்றுக்குள் அகப்பட்டால் கரைக்கு ஏறச் செங்குத்து ஏணிதானாம், நாலு மாடி உயரம். என் முழங்காலோடு அது நடக்காது, ஹோட்டலும் நடக்காது. படகில் இருப்பது இரண்டு படுக்கை. ஒன்று மகளுக்கு. மற்றதில் நானும் மருமகனும். என் குறட்டையை ஒரு இரவு கேட்டால் அந்தப் பிள்ளை ஆவணிவரை பொறுக்குமா?

அத்தான், உங்கள் தங்கை இந்த உலகத்தில் உங்கள் சொல்லை மட்டும்தான் கேட்பா. எழுத்து எழுதினது போதும், பிள்ளைகள் தனியப் போகட்டும், இராஜரட்ணத்தைக் கரையில் விடு என்று ஒரு சொல் சொல்லுங்கோ. நான் செத்தாலும் மறக்கமாட்டேன், அது ஆனியிலேயே நடக்கக்கூடும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்கள் பிறஷருக்கு அம்பாள் துணை.

தங்கள் அன்புக்குரிய,
சி. இராஜரட்ணம்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் வெட்டிவிட்டதாக நினைக்கவும். கடித உறை தேடும்போது யோகமலர் வந்து, வைகாசியில் கலியாண ஹோல் கிடைத்துவிட்டது, தாலியை முதலே கட்டிவிடலாம், "இனி நீங்கள் போகத் தேவையில்லை, பிளான் பேப்பரைப் பெடியனிட்டைக் குடுங்கோ" என்றா. சாம்பவியும், "அப்பா, யூ ஆர் சேஃப்" என்று கட்டிப்பிடித்தாள். சந்தோசம்தான். ஆனால் அந்தத் தாளில் சிவப்பு மை பெருக்கா வற்றா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் இல்லாவிட்டால் அதுகள் இரண்டும் சேற்றில் குந்தியிருக்கும். ஆகவே உடனே உங்கள் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வைகாசியில் ஏதாவது ஒரு தோசம் கண்டுபிடித்து, தாலியை ஆவணியிலேயே வைக்கச் சொல்லுங்கோ. ராகுலன் அளவு பார்க்கத் தந்த உயிர்காப்பு அங்கியை நான் இன்னும் கழற்றவில்லை.