தொடையளவு நீரில் ஒரு தூதர்

உலகக் கடற்படைகளின் வரலாற்றில் சேந்தமங்கலம் வட்டாரத்துக்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை. அக்குறையைப் போக்கத் துணிந்த இச்சிறியேனை அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். இதற்குமுன் நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே; அவற்றிலும் பாதி ஏற்கப்படவில்லை.

பேருந்தில் போனாலும் கடலைக் காண ஒரு பகல் ஆகிற ஊரில் பிறந்தும், அட்மிரல் சுவாமிநாதன் அவர்கள் முப்பத்தாறு ஆண்டுகள் கடற்படையில் பணியாற்றினார். அவர் செலுத்திய போர்க்கப்பல் ஒரே ஒரு முறைதான் தரைதட்டியது. அதை விசாரித்த குழு, மணல்திட்டு அங்கே இருந்திருக்கக் கூடாது என்று கண்டறிந்தது. இத்தகைய அனுபவம் வீணாகலாகாது என்று அரசு அவரை ஒரு தீவு நாட்டுக்குத் தூதராக அனுப்பியது. அவர் பதவியிலிருந்த மூன்றாண்டுகளில் அந்நாட்டுக்கும் நமக்கும் போரே மூளவில்லை. அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளிலும் மூளவில்லை என்பது அவர் பெருமையைச் சிறிதும் குறைக்காது.

இத்தகையவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது, செம்மடை ஏரியின் கடைமடையில் கமலவேணியின் ஒன்றரை ஏக்கர் நெல், கதிரை உள்ளடக்கிப் பொதிகட்டி நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் அது அவள் வீட்டுக்கு ஒரு வருடச் சோறு. பாயாவிட்டால் வெறும் வைக்கோல்.

பங்குனியில் மதகு திறக்கும் நாளும் வந்தது. அதற்கென்று ஊரில் ஒரு முறை உண்டு. மேலூர்க் கருப்பண்ணனும் கீழூர்க் காளியப்பனும் மதகடியில் நின்று, முதல் தண்ணீர் யாருக்கு என்று சண்டையிட வேண்டும். இருவரும் சம்பந்திகள். தேங்காய் உடைக்காமல்கூட மதகு திறந்ததுண்டு, சண்டையில்லாமல் திறந்ததில்லை. அரை மணி நேரத்தில் சண்டை உச்சத்துக்கு வரும்போது, மடைக்காரர் ஆண்டி யாரையும் கேளாமல் மதகைத் தூக்கிவிடுவார். தண்ணீர் தன் பாட்டுக்கு வயல்களுக்குப் போகும். சம்பந்திகள் தம் பாட்டுக்கு டீக்கடைக்குப் போவார்கள்.

“ஏனுங்க சம்மந்தி, போன வருசமும் உங்க பக்கந்தான் மொதத் தண்ணி குடிச்சுது. வெக்கமில்லீங்களா?” என்று அன்றும் கருப்பண்ணன்தான் தொடங்கினார்.

“வெக்கத்தப் பத்தி நீங்க பேசறீங்களா? உங்க ஊட்டுக் கண்ணாலத்துல பந்தி பத்தாம, பஸ் ஸ்டாண்டுல இட்லி தின்னவங்க நாங்க!” என்றார் காளியப்பன்.

சண்டை நன்றாக வளர்ந்தது. கமலவேணி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஆண்டி மதகின் திருகில் கை வைத்தார்.

“நிறுத்துங்கள்!”

காலை நடைக்கு வந்த அட்மிரல், கரைமேல் நின்றிருந்தார்.

“இது எல்லைப் பிரச்சினை. பேசித் தீர்க்காமல் ஒரு சொட்டு நீரும் நகரக் கூடாது.”

“இது வருசா வருசம் நடக்கறதுங்க அய்யா,” என்றார் ஆண்டி.

“வருடா வருடமா? அப்படியானால் இது ‘நீடித்த’ பிரச்சினை!”

சம்பந்திகள் இருவருக்கும் உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. அவர்கள் சண்டையை அதுவரை ஒருவரும் மதித்ததில்லை.

“அய்யா, ரெண்டு தண்ணி உட்டுப்போட்டு அப்பறம் பேசுங்களே. என்ற பயிரு காயுதுங்க,” என்றாள் கமலவேணி.

“அம்மா, உங்கள் கவலையைக் குறித்துக்கொண்டேன்,” என்றார் அட்மிரல். மெய்யாகவே ஒரு குறிப்பேட்டில் குறித்தும்கொண்டார்.

மேல்கரையோ கீழ்கரையோ பேச்சுக்கு ஏற்றதல்ல, ‘நடுநிலை நீர்ப்பரப்பு’ தேவை என்று அவர் முடிவு செய்தார். காவிரிக்கரைப் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பரிசல், போர்வெல் குழாய் ஏற்றும் லாரியில் வந்து இறங்கியது. மூவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து ஏரி நடுவில் மிதந்தார்கள். நீர் தொடையளவு. அருகில் நின்ற எருமைக்கு முதுகுகூட நனையவில்லை.

பரிசல் வட்டமானது, வட்டமேசைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அது சுழலவும் செய்தது. கிழக்கு நோக்கி அமரும் உரிமை யாருக்கு என்பதிலேயே நான்கு நாள் சென்றது. ஐந்தாம் நாள் வெயில் தாளாமல் சம்பந்திகள் இருவரும், “பாதிப் பாதி உட்டுக்கலாமுங்க,” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

“அவசரப்பட்டு ஒப்புக்கொள்வது பேச்சுவார்த்தைக்குக் கேடு,” என்று அட்மிரல் கண்டித்தார்.

கமலவேணி தினமும் கரையிலிருந்து கூவினாள்: “ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?”

“முன்னேற்றம் காணப்படுகிறது!” என்று ஏரியிலிருந்து பதில் வந்தது.

ஒருநாள் அவள் ஆண்டியிடம் போனாள். “நீங்க எப்பவும் போலத் தூக்கி உடுங்க சாமி.”

“எங்கிருந்து தூக்கறது? தண்ணி எறங்குனா பரிசல் தட்டிரும், பேச்சு நின்னுரும்னு அய்யா மதகுக்குப் பூட்டுப் போட்டுட்டாரு. சாவி அவரு பையில.”

“அப்ப பேச்சு முடிஞ்சாத்தான் தண்ணி. தண்ணி இருக்கற வரைக்கும் பேச்சு. அப்படித்தானுங்களே?”

“ஆமாங்க,” என்றார் ஆண்டி.

குடத்தில் கிணற்று நீர் சுமந்து அவள் ஒரு மூலைப் பயிருக்கு ஊற்றிப் பார்த்தாள். கதிர்கள் பால் பிடிக்காமல் வெளுத்தன. வெயில் மட்டும் யார் அனுமதியும் கேட்காமல் ஏரியைக் குடித்துக்கொண்டிருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் பரிசல் தரைதட்டியது. அட்மிரலின் நீண்ட பணிக்காலத்தில் இது இரண்டாவது முறை. அவர் கலங்கவில்லை. ஏரி நீரை இரு தரப்பும் சரிபாதியாகப் பகிர்வது என்னும் உடன்படிக்கையில் சேற்றில் நின்றபடியே கையெழுத்து வாங்கி, சாவியை ஆண்டியிடம் முறைப்படி ஒப்படைத்தார். ஆண்டி மதகைத் தூக்கினார். ஒரு தவளை வெளியே வந்தது.

மறுவாரம் கரையில் பாராட்டுக் கூட்டம். ‘பயனாளி’ என்ற முறையில் கமலவேணியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“அய்யா வந்ததுக்கப்பறம் ஊருல சண்டையே இல்லீங்க,” என்றாள் அவள். கைத்தட்டல் அடங்கக் காத்திருந்தாள். “எதுக்குங்க சண்டை போடறது? அதுதான் ஒண்ணுமே இல்லியே.”

அட்மிரல் இதையும் குறித்துக்கொண்டார்.

தங்கள் பொறுமையை மேலும் சோதிக்காமல், இழப்பை மட்டும் சொல்லி முடிக்கிறேன். செம்மடை ஏரிக்குத் தொடையளவு நீர். ஊருக்கு, அரை மணி நேரத்தில் முடிந்துவந்த ஒரு சண்டை. கமலவேணிக்கு ஒன்றரை ஏக்கர் நெல். அட்மிரல் அவர்களுக்கு, கையெழுத்தன்று சேற்றில் புதைந்த ஒரு செருப்பு, இடது கால். அதையும் அன்று மாலைக்குள் ஆறு பேர் சேற்றில் இறங்கித் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.