மாடி வீட்டு மருமகன்கள்

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். அதுவும் ராணுவத்தில் இருந்த அப்பாவின் பெயரில்.

வடக்குப்பட்டில் அப்பா பெயரில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் ஒரகடம் கம்பெனியில் வேலை செய்யும் நான்கு ஒடிசாக்காரர்கள், வாடகைக்கு. வீட்டு வரியைக் குறைக்க வழியுண்டா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்கப் போனேன்.

"முன்னாள் ராணுவத்துக்காரருக்குக் கொறைப்பு உண்டு. ஆனா வூடு முழுக்க நீங்களே குடியிருக்கணும். வாடகைக்கு வுட்டா கெடையாது" என்றார் எழுத்தர். "மேல யாரு கீறாங்க?"

"சொந்தக்காரங்க சார். அக்கா புள்ளைங்க." (எனக்கு அக்காவே கிடையாது.)

"அப்போ அஞ்சாந்தேதி வந்து பாத்துட்டு எழுதறேன்."

நால்வருக்கும் மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். என்னை 'மாமா' என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். மூத்தவன் பிஸ்வஜித் ஷிப்டுக்குப் போகும்போதுகூட மனப்பாடம் செய்தான்.

அஞ்சாந்தேதி எழுத்தர் வாசலில் நாற்காலி போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அப்பா. கம்பெனி பஸ் வந்து நின்றது. பிஸ்வஜித் நேராக வந்து, "வணக்கம் மாமா" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நொடி சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தான்.

"மாமா, இந்த மாசம் வாடகை."

(ஐந்தாம் தேதிதான் வாடகை நாள். வைத்தவனே நான்தான்.)

எழுத்தர் மோரைக் கீழே வைத்தார். அப்பாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது.

"எல்லையில நின்னதுக்குக் குடுக்குற சலுகைடா அது. அத்தப் பொய் சொல்லி வாங்கறியா?"

எழுத்தர் கையிலிருந்த சலுகை விண்ணப்பத்தை அப்பா வாங்கி, 'மாடி வாடகைக்கு விடப்பட்டுள்ளது' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முழு வரியையும் கட்டினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேச்செல்லாம் மாடிக்காரர்களோடுதான், பட்டாளத்தில் கற்ற இந்தியில். எனக்கு வயிறு எரிந்தது.

போன வருஷம் அப்பா போய்விட்டார். நால்வரும் ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாடையின் முன்பக்கம் நானும் சித்தப்பா மகனும் தோள் கொடுத்தோம். பின்பக்கம் பிஸ்வஜித்தும் நால்வரில் ஒருவனான அவன் தம்பியும். மாலையோடு வந்திருந்த எழுத்தர் அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொந்தக்காரங்கன்னு அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் நம்பல."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வெடித்தது.

இப்போதும் வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் என் மனைவி மாடியைப் பார்த்துக் கத்துவாள்: "மருமகப் புள்ளைங்களா, வரிக் காயிதம் வந்துகீது! இந்த வாட்டி இன்னா பொய் சொல்லட்டும்?"

பிஸ்வஜித் எட்டிப் பார்ப்பான்.

"பொய் வேணாம் அத்தை. தாத்தா திட்டுவாரு."