ஒன்பது மணிக்குப் பிறந்த மாப்பிள்ளை

மலாயா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், மணி என்ன என்று கேட்டவனிடம் "எந்த மணி வேணும்?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே மனிதர் பழைய மணி அண்ணன்தான். அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

தொழில், முடி வெட்டுவது. பொழுதுபோக்கு, அரசாங்கங்கள் கைகழுவிய நேரங்களை எடுத்து வளர்ப்பது. சலூனில் கண்ணாடிக்கு மேலே நான்கு சுவர்க்கடிகாரங்கள் மாட்டியிருந்தார். முதலாவது, அவர் சின்னப் பையனாக இருந்தபோது மலாயாவில் ஓடிய மணி. இரண்டாவது, பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெள்ளைக்காரன் இருபது நிமிஷம் முன்னால் தள்ளிய மணி. மூன்றாவது, போர் நெருங்கியபோது அதற்கு மேலும் பத்து நிமிஷம் தள்ளியது. நாங்கள் எல்லோரும் அன்றாடம் புழங்கியது அதைத்தான். நான்காவது, ஜப்பான் மணி. ஜப்பான்காரன் வந்ததும் மலாயாவும் தோக்கியோ நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓட்டிவிட்டான். அவன் மூட்டை கட்டிப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், அண்ணன் கடையில் அந்தக் கடிகாரம் மட்டும் சாவி குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் கெட்டவன்தான் தம்பி. அவன் மணி என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார்.

சலூனுக்கு மேல்மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். டவுனில் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை. காலையில் இறங்கி வரும்போது தப்பித் தவறி நான்காவது கடிகாரத்தைப் பார்த்துவிட்டால், வேலைக்குத் தாமதம் என்று ஓட்டமாய் ஓடுவேன். பத்து பெரெண்டாமில் விமானம் ஏறப் போன ஒரு கனவான் அதைப் பார்த்துவிட்டு, பாதி வெட்டிய தலையோடு, கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, "ஐயோ, போச்சு!" என்று கத்திக்கொண்டு டாக்சியில் பாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் திரும்பி வந்து, மீதித் தலையையும் வெட்டிக்கொண்டு, எதிர்க்கடையில் பசியாறிவிட்டுப் போகவும் நேரம் இருந்தது.

பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் ஒரு சிட்டி அம்மா; பூர்வீகம் தமிழ், பேச்செல்லாம் மலாய். சன்னல் வழியே மலாயில் "ஜாம் பெராப்பா?" என்று மணி கேட்பார். அண்ணனும் மலாயிலேயே நான்கு மணியையும் வரிசையாக ஒப்பிப்பார். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, வெயிலைப் பார்த்து உலை வைக்கப் போய்விடுவார்.

சுதந்திரம் வந்த புதிதில் நடந்த கூத்து இன்னும் பெரியது. தேர்தல் கூட்டத்தில் ஒரு வேட்பாளர், வெள்ளைக்காரன் பிடுங்கியதை எல்லாம் மீட்டுவிட்டோம் என்று மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து அண்ணன் எழுந்தார்.

"எல்லாத்தையும் வாங்கிட்டீங்க, சந்தோஷம். முதல்ல இருபது நிமிஷம், அப்புறம் பத்து நிமிஷம் எடுத்தானே, அந்த அரை மணி நேரம் எங்கே?"

வேட்பாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "கட்சித் தலைமையோடு கலந்து பேசி..." என்று ஆரம்பித்தார். அன்றிலிருந்து அந்தக் கட்சிக்காரர்கள் முடி வெட்டிக்கொள்ள வேறு சலூன் தேடி அலைந்தார்கள்.

பழைய நேரம் ஞாபகம் இருக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், கத்தரிக்கோல் நின்றுவிடும், கேள்வி ஆரம்பிக்கும். உங்கள் கித்தா ரப்பர்த் தோட்டத்தில் மணி அடித்தது எந்த நேரப்படி? துரை உத்தரவு வந்த அன்றே மாற்றினாரா, இல்லை மறுவாரமா? "கவர்மெண்டு எப்போ மாத்தச் சொல்லுச்சுங்கிறது ஒரு கணக்கு. ஜனங்க நிஜமா எப்போ மாத்தினாங்கங்கிறது வேற கணக்கு. ரெண்டும் தெரியாதவன் மணியைப் பத்தி வாயைத் திறக்கப்படாது" என்று கத்தியை ஆட்டிச் சொல்வார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பேத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எந்த நாட்டில் எப்போது கடிகாரத்தை மாற்றினார்கள் என்று உலகம் முழுக்கத் தேடிச் சேர்க்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்களாம். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குப் பழைய தேதியெல்லாம் குழம்பிவிடுமாம். "மலாயாவோட ஜப்பான் நேரமும் அதுல இருக்கு தாத்தா" என்றாள். எனக்கு உடனே காஜா பெராங்குக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். அண்ணனை ஊரில் அதிகம் கிண்டல் செய்தவர் ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடை வைத்திருந்த முதலாளி. எல்லோருக்கும் அவர் 'தவுக்கே'. மாதம் ஒருமுறை சலூன் நாற்காலியில் சாய்ந்து, "என்ன பழைய மணி, இன்னைக்கு எந்த வருஷத்துல இருக்கே?" என்று ஆரம்பிப்பார். அதற்கடுத்து, தவறாமல், தன் வீரக் கதை.

"ஊரே ஜப்பான்காரனுக்குப் பயந்து கடிகாரத்தைத் திருப்பிச்சு. என் வீட்டுக் கடிகாரத்துல ஒருத்தன் கை வைக்கலை! என் மகன் பிறந்தப்போ அது ஒன்பது அடிச்சுது பாரு, அது நம்ம ஒன்பது. சுத்தமான மலாயா ஒன்பது!"

அடுத்தவர் ஐந்து நிமிஷம் தப்பாகச் சொன்னாலே சண்டைக்கு நிற்கும் அண்ணன், இதற்கு மட்டும் கத்தியைத் தீட்டப் போய்விடுவார்.

அந்த ஒன்பது மணி மகன்தான் என் நண்பன் சந்திரன். மலேசியா என்ற பெயர் இன்னும் புதுச்சட்டைபோல் மொடமொடவென்று இருந்த அந்த வருஷத்தில், உஜோங் பாசிர் பக்கத்துக் கமலாமீது அவனுக்குக் காதல். இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். ஜாதகத்தை விரித்தபோதுதான் இடி விழுந்தது. இருவரும் பிறந்தது ஒரே நாள்! ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த வருஷத்துச் சித்திரை. இவன் மலாக்காவில். அவள் நாகப்பட்டினத்தில். பிரசவத்துக்குப் போன அம்மா போரில் மாட்டிக்கொண்டு, அமைதி வந்த பிறகுதான் பிள்ளையோடு கப்பலேறி வந்தார்.

ஒரே நட்சத்திரம், சேர்க்கலாம், ஆனால் பையன் முந்திப் பிறந்திருக்க வேண்டும் என்று சோசியர் சொல்லிவிட்டார். அவன் காலை ஒன்பது மணி. அவள் காலை ஆறரை. தவுக்கேயின் அக்கா, சந்திரனுக்குப் பெரியத்தை, அந்த இடத்திலேயே வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். "மூத்த பொண்ணை என் மருமகனுக்குக் கட்டி வெச்சா ஊரு சிரிக்கும். வேண்டாம்."

சந்திரன் என் அறைக்கு வந்து குழந்தைமாதிரி அழுதான். கமலாவுக்கு ஈப்போவில் வேறு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்களாம். நான் அவனைத் தரதரவென்று கீழே இழுத்துப்போய் அண்ணன் முன்னால் நிறுத்தினேன்.

அண்ணன் கேட்டது இரண்டே கேள்வி: எங்கே, எப்போது? அவ்வளவுதான், சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு குதி குதித்தார். "ஜப்பான் மணி! ஜப்பான் மணி! வாழ்நாள்ல முதல் தடவையா ஒருத்தன் என்கிட்ட ஜப்பான் மணி கேட்டு வந்திருக்கான்டா!" பிறகு சட்டென்று முகம் மாறியது. "கணக்கு சரியா வரும். கடிகாரத்துக்குச் சொந்தக்காரர்தான் கஷ்டம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவுக்கே வீட்டில் கடைசிப் பேச்சு. கமலாவின் அம்மாவும் அப்பாவும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டையும் எண்ணெய் பூசிய தலையுமாக, சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்போல் உள்ளே நுழைந்தார்.

"இவனை யாரு கூப்பிட்டது?" என்றார் பெரியத்தை.

"மணி கூப்பிட்டுச்சுங்க" என்றார் அண்ணன். "நாகப்பட்டினத்துல ஆறரைன்னா அப்போ நம்ம மலாயாவுல மணி எத்தனை? இந்தியா நம்மளவிட ரெண்டு மணி நேரம் பின்னாடி. அப்போ இங்கே எட்டரை. பொண்ணு பிறந்தது எட்டரைக்கு."

சபையில் ஒரே சலசலப்பு. கமலாவின் அப்பா விரலை மடக்கிப் பார்த்து நிமிர்ந்தார்.

"அப்பவும் அரை மணி நேரம் மூத்தவதானே?" என்றார் பெரியத்தை. கமலாவின் அப்பா மறுபடி குனிந்துவிட்டார்.

"பொறுங்க. பையன் பிறந்தப்போ ஊருல ஓடினது ஜப்பான் மணி. ஒன்றரை மணி நேரம் கூட. அந்த ஒன்பது, நம்ம மணிக்கு ஏழரை. பையன் ஏழரை, பொண்ணு எட்டரை! முழுசா ஒரு மணி நேரம் மூத்த மாப்பிள்ளை! தூக்குங்க தட்டை!"

சந்திரன் என்னைக் கட்டிப்பிடித்து விலாவை நொறுக்கினான். யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் நடுவே பெரியத்தை தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, நம்ம வீட்டுக் கடிகாரத்தைத்தான் நீ மாத்தவே இல்லையே! சுத்தமான மலாயா ஒன்பதுன்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கியே?"

எல்லோரும் தவுக்கேயைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. மகனைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை கல்யாண வீடு, எத்தனை சாவு வீடு, எத்தனை திருவிழாவில் சொன்ன கதை! அதை விட்டால் மகனுக்குக் கல்யாணம். விடாவிட்டால் ஈப்போ மாப்பிள்ளைக்குக் கல்யாணம்.

"தவுக்கே மாத்தலைங்க" என்றார் அண்ணன் பலமாக. "அவரு சொல்றது உண்மை. மாத்தினது நான்!"

"என்னது?"

"ஜப்பான்காரன் உத்தரவு வந்த அன்னைக்கு அவருக்குச் சவரம் பண்ண வந்தேன். முகத்துல சுடுதண்ணித் துணியைப் போட்டு மூடிட்டு, அவருக்குத் தெரியாம ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பிட்டேன். மணி தப்பா ஓடினா எனக்குத்தான் தாங்காதே! பிள்ளை பிறந்தது அதுக்கு அப்புறம்தான்."

தவுக்கே ஒரு நொடிதான் திகைத்தார். அவர் வியாபாரி, கிடைத்த சரக்கைக் கைநழுவ விடுவாரா? எழுந்து நின்று வீடே அதிரக் கத்தினார்.

"அடப்பாவி! என் வீட்டுக் கடிகாரத்துலயா கை வெச்சே? அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அந்தக் கையை ஒடிச்சிருப்பேன்லா!"

"தப்புதான் தவுக்கே."

"ஜப்பான்காரன்கிட்டத் தோக்காதவனை ஒரு சலூன்காரன் ஏமாத்திட்டானே! சரி, ஒழியட்டும். எம்புள்ள மூத்தவனாயிட்டான். அக்கா, தட்டை எடு!"

பெரியத்தைக்கு வேறு வழி இல்லை. தட்டு மாறியது. கமலாவின் அம்மா அண்ணனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரோ, "ஏழரை, எட்டரை, மறந்துடாதீங்க!" என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். சந்திரன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவில் பாதித் தெரு ஓடினான். அண்ணன் மேலிருந்து, "கண்ணாடி, என் மூக்குக்கண்ணாடி!" என்று அலறினார்.

காஜா பெராங்குக்கு நடந்து வரும்போது நான் கேட்டேன். "நிஜமாவே நீங்களா அண்ணே திருப்பினீங்க?"

அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நான் அவரு முகத்துல சோப்பு போட்டுக்கிட்டிருந்தேன். தெருவுல ஜப்பான்காரன் பூட்ஸ் சத்தம். அடுத்த வீட்டுல யாரோ மணியை மாத்தாததுக்கு அடி வாங்கிக் கத்தறான். தவுக்கே சோப்போட எழுந்து ஸ்டூல்ல ஏறிட்டாரு. வயித்துப்பிள்ளைக்காரி உள்ளே படுத்திருக்கா, என்ன செய்வாரு? அவசரத்துல முள்ளு எங்கேயோ போயிடுச்சு, மறுபடி திருப்பினாரு. நான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டேன். நானும்தான் பயந்துட்டேன்."

"அப்போ நீங்க சபையில சொன்னது பொய்யா?"

நடுரோட்டில் நின்று என்னை முறைத்தார். "மணி தப்பா சொன்னேனா?"

"இல்லை."

"யாரு திருப்பினாங்கிறது நம்ம கடையில கிடையாது தம்பி. மணி மட்டும்தான்."

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. சந்திரன் அதன்பிறகு கமலாவிடம் தோற்கிற ஒவ்வொரு சண்டையிலும் "நான் ஒரு மணி நேரம் மூத்தவன்!" என்று கத்துவான். அவள் அதற்கும் சேர்த்துத் திட்டுவாள்.

தவுக்கே வீரக்கதையை விடவில்லை. மாதாமாதம் நாற்காலியில் சாய்ந்து, "நான் ஜப்பான்காரனுக்கு வளைஞ்சு கொடுக்கலை. இந்தப் பயதான் எனக்குத் தெரியாம என் கடிகாரத்தைத் திருப்பிட்டான்" என்று புது ஆட்களிடம் முழங்குவார். அரை மணி நேரத்துக்காக அரசாங்கத்தையே மல்லுக்கு இழுத்த மனிதர், கத்தியைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் பணிவாகச் சொல்வார்: "தப்புதான் தவுக்கே, மன்னிச்சுக்குங்க." முறைக்காகக் காத்திருக்கும் நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். அவர்மேல் எனக்கிருந்த பிரியம் அத்தனையையும் அந்தக் கண்ணாடியில் அவர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சமாக இருக்கும்.