மெச்சிங் காக்காவும் யாரோ வைத்த ரோசாவும்

இந்தக் கரையோரத்தில் கலியாணம் முடித்த பெண்களில் பாதிப் பேர் மெச்சிங் காக்காவிடம் ஒரு தடவையாவது ஏச்சு வாங்கியவர்கள். மீதிப் பாதிப் பேர், கடையில் அவர் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு அடுத்த கடைக்குப் போனவர்கள்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி ஆட்டோவில் ஏறினால் சாய்ந்தமருது முழுக்கச் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கி விடுவார்கள். மெச்சிங் காக்கா என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார்கள். கல்முனை பசாரில் ஒரு புடவைக்கடையில், சாரிக்குப் பொருத்தமான சட்டைத்துணி வெட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர். ஆனாலும் ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன், என்பதால் எனக்கும் காக்கா. நான் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே அவருக்கு நான் 'கிளாக்கர்'.

கடைக்குள் எரியும் ரியூப் லைட்டை அவர் நம்பமாட்டார். "அது பொய் வெளிச்சம்" என்பார். சாரியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் சாரிக்காரப் பெண், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உம்மா, உம்மாவுக்குப் பின்னால் ஹோன் அடித்துக்கொண்டு அக்கரைப்பற்று பஸ். பச்சையில் மட்டும் பத்தொன்பது வகை உண்டென்று ஒருநாள் எனக்கு ஒப்புவித்தார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினெட்டுத்தான் வந்தது.

"நீங்க பள்ளிவாசல் கதவுப் பச்சய எண்ணல்ல" என்றார். எண்ணத்தான் இல்லை.

அவர் முன்னால் சொல்லக்கூடாத ஒரு சொல் உண்டு. கிட்டத்தட்ட.

"காக்கா, இது கிட்டத்தட்டச் சரிதானே, வெட்டுங்களன்" என்று ஒரு புதுப்பெண் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாள்.

"கிட்டத்தட்டயா? ஒங்கட மாப்புளயும் கிட்டத்தட்ட ஒங்கட மாப்புளயா?"

அந்தப் பெண் அழுதுகொண்டு போனாள். முதலாளியும் அழுதார். காக்கா மட்டும் துணியை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

முழங்கால் பழுதாகிக் கடையை விட்டு நின்ற பிறகும், துணித்துண்டுகளை நூலில் கோத்து ஒரு கொத்தாகச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மற்றவர்களின் பையில் வெற்றிலை இருக்கிற மாதிரி.

அவருடைய மனைவி மௌத்தானபோது ஊரே அவரைப் பற்றிப் பயந்தது. அவர் அழவில்லை. மலைநாட்டிலிருந்து பூக்கண்டு ஏற்றிக்கொண்டு வரும் லொறி வரும்வரை காத்திருந்தார். மனைவியின் கலியாணச் சாரியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய், லொறியிலிருந்த ஒவ்வொரு ரோசாவிலும் பிடித்துப் பார்த்தார். குடை பிடித்தவன் நான். நாற்பத்திமூன்றாவது செடியில் பொருந்தியது. நல்ல கடுஞ்சிவப்பு. பூ ஒவ்வொன்றும் கோப்பை அளவு. அதைக் கொண்டுபோய் மையவாடியில், மனைவியை அடக்கிய கபுறடியில் நட்டார். கச்சான் காற்று வந்தது. வெக்கையும் புழுதியும் சேர்ந்து செடியைப் பொசுக்கிவிட்டன. காய்ந்த தடியை அவரே முறித்து எறிந்தார். பிறகு முழங்கால் வருத்தம் கூடிப் படுத்துவிட்டார். மாரி முழுவதும் மையவாடிப் பக்கம் அவர் போகவே இல்லை.

மழை விட்டு முதல் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நான் சோற்றில் கை வைத்திருக்கிறேன். வாசல் படலை இடிபடுகிறது.

"கிளாக்கர்! என்ர பொண்டாட்டிர கபுறுல ஆரோ ரோசா வெச்சிரிக்கான்!"

"ஆராவது நன்மைக்கு வெச்சிருப்பாங்க, காக்கா. உட்காருங்க."

"நன்மைக்கு வெக்கிறவனுக்கு அந்த மையவாடியில என்ர கபுறு மட்டுந்தானா கண்ணுல பட்டிச்சி?"

"ஒங்கட கபுறு இல்ல. ஒங்கட கபுறுக்கு இன்னும் நாளிரிக்கி."

அவர் சிரிக்கவில்லை. என் சோறு ஆறிவிட்டது. நீரிழிவுக்காரன் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும் என்று யாருக்குக் கவலை?

போய்ப் பார்த்தோம். உண்மைதான். இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர். மெல்லிய கொடிபோன்ற தடிகள். பூக்கள் சின்னன், கொத்துக் கொத்தாக, வெளிறிய ரோஸ் நிறம். வாசம் மட்டும் மதிலுக்கு வெளியே ஆட்டோக்காரன் வரைக்கும் போயிற்று. காக்கா நட்ட சிவப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பாங்கு சொல்லும் மோதினாரிடம் விசாரணை நடந்தது.

"இஞ்ச ஆரு வந்த?"

"முந்தி ஆடு வாற. மதில் கட்டினத்துக்குப் பொறகு அதுவும் வாறல்ல."

"ஆடு ரோசா வெக்குமா?"

"திங்கும். வெக்கிறதக் கண்டதில்ல" என்றார் மோதினார், மிகவும் யோசித்து.

அன்று இரவு முழுவதும் காக்கா தூங்கவில்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்த பெண்ணின் கபுறில், தனக்குத் தெரியாத ஒருவன் பூ வைத்திருக்கிறான். அவன் யார் என்று தெரியாமல் ஒரு வாய் சோறும் இறங்காது என்று மகளிடம் சொல்லிவிட்டார். காலையில் வழியும் கண்டுபிடித்துவிட்டார்.

"ரோசாட ஊட்டக் கண்டுபிடிச்சா ஆளக் கண்டுபிடிச்சிரலாம் கிளாக்கர். இந்தச் சாதி ஆர்ட வளவுல நிக்கிது எண்டு பாப்பம். நான் கலர் பாக்கன். நீங்க எண்ணுங்க."

ஒரு கொப்பை வெட்டி ஈரத்துணி சுற்றிச் சோடாப் போத்தலில் வைத்தோம்; வாடினால் புதுக்கொப்பு வெட்டிக்கொள்வோம். நான் எண்ணினேன். பூவுக்கு இதழ் பதினாறு. இரண்டாம் தடவை எண்ணும்போது பதினான்கு. இரண்டு உதிர்ந்துவிட்டன. ஒரு காம்புக்கு இலை ஏழு. இலை உதிராது என்பதால் அந்த ஏழை மட்டும் மனதில் இறுக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அஸர் தொழுகை முடிந்தால் எங்கள் வேலை மதில்களுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது. எங்கள் வயதில் இதைச் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று நான் பயந்தேன். ஊர் சொன்னது நான் பயந்ததைவிட மோசம். மருதமுனையில் ஒரு வீட்டில் எங்களை மிகுந்த மரியாதையோடு உள்ளே கூப்பிட்டு இருத்தினார்கள். மஸ்கட் அல்வா வந்தது, பிஸ்கட் வந்தது, தேத்தண்ணி வந்தது. வீட்டுக்காரர் சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்.

"மாப்புள என்ன செய்யிறாரு?" என்று கேட்டார்.

"எந்த மாப்புள?" என்றார் காக்கா.

"நீங்க செல்லித்தானே நாங்க தெரியணும்."

வெள்ளைச் சாரனும் தொப்பியும் போட்ட இரண்டு கிழவர்கள், கையில் பூவோடு, குமர்ப்பெண் இருக்கும் வீட்டுக்கு வந்தால் வேறு எதற்கு வருவார்கள்? காக்கா போத்தலை உயர்த்திக் காட்டி, "நாங்க ஒங்கட ரோசாவப் பாக்க வந்த" என்றார். வீட்டுக்காரர் எழுந்தார். நான் மஸ்கட்டின் கடைசித் துண்டைக் கையில் எடுத்தபடியே எழுந்தேன்.

நான்கு கிழமை, அதாவது இருபத்தெட்டு நாள். ஐம்பத்திரண்டு வீடு. சம்மாந்துறைக்கும் போனோம், ட்ரக்டர் புழுதியில் எனக்கு ஒரு கிழமை இருமல். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள், இரண்டு நிறம் கலந்தது எல்லாம் கண்டோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எங்கள் கொப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் காக்கா தலையை ஆட்டுவார். நான் இலையை எண்ணுவேன். ஐந்து. அடுத்த வீட்டிலும் ஐந்து. ஊரிலுள்ள ரோசா எல்லாம் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஐந்து.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அது கடைசியாக மிஞ்சியதற்குக் காரணம், காக்கா அதைத் தவிர்த்துக்கொண்டே வந்ததுதான். ஓய்வு பெற்ற நீர்ப்பாசன ஓவசியரின் வீடு. காக்காவின் மனைவிக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை அந்த ஓவசியர். அவருக்குத் தூரத்துக்கு மாற்றம் வந்ததால் பேச்சு நின்று, காக்காவுக்குக் கலியாணம் கூடி வந்தது. ஓவசியர் அதை அந்த வருடமே மறந்துவிட்டார். காக்கா மறக்கவில்லை. ஓவசியர் வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்தால் மட்டும் துணியை வெயிலுக்குக் கொண்டுபோக மாட்டார். "கிட்டத்தட்டச் சரி" என்று ரியூப் லைட்டில் பார்த்து வெட்டிக் கொடுத்துவிடுவார். நாற்பது வருடமாக அந்த வீட்டுப் பெண்கள் பொருந்தாத சட்டையோடு கலியாண வீடுகளுக்குப் போய் வந்தார்கள்.

"அவன்தான் கிளாக்கர். எனக்கு அப்பவே தெரியும்" என்றார் காக்கா. போத்தலை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அன்றுதான் எனக்கும் பகிடி விட்டுப் போயிற்று.

ஓவசியர் பெனியனோடு ரோசாத் தொட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். முப்பத்தொரு தொட்டி. சலாம் சொன்னோம். காக்கா கொப்பை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது ஒங்கட ஊட்டுப் பூவா?"

ஓவசியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஓம். இது இஞ்ச இரிக்கி."

காக்காவின் முகம் மாறிய நிறத்துக்கு அவரால்தான் பெயர் சொல்ல முடியும். "எந்தத் தொட்டியில?"

"எல்லாத்துலயும்" என்றார் ஓவசியர்.

முப்பத்தொரு தொட்டியிலும் கோப்பை அளவுப் பூக்கள்தான் நின்றன. ஓவசியர் ஒரு தொட்டியை இழுத்து, அடிமண்ணை விரலால் விலக்கினார். தடிப்பான தண்டுக்குக் கீழே, வேரிலிருந்து ஒரு மெல்லிய முளை கிளம்பியிருந்தது.

"மலைநாட்டுக் கண்டெல்லாம் ஒட்டுக்கண்டு, காக்கா. வேருக்குக் காட்டுரோசா. அதுக்கு மேலதான் நல்ல சாதிய ஒட்டுவானுகள். அடியால முளைக்கிறத நாங்க கண்டவுடன வெட்டிருவம். உட்டா அது மேல உள்ளத அமத்திப் போடும். மேல உள்ளது செத்தா, இதுதான் மரமா வரும்."

நான் குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. எண்ணினேன். ஏழு.

"ஏழு, காக்கா!" என்று கத்திவிட்டேன். என் உத்தியோக காலம் முழுக்க எண்ணியதில், ஒரு எண்ணிக்கைக்காக நான் கத்தியது அன்றுதான்.

காக்கா அந்த முளையை வெட்டி வாங்கி, வெயிலுக்குக் கொண்டுபோனார். எங்கள் கொப்பின் இலையையும் அந்த இலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மணந்து பார்த்தார். கடைசியில், "ஒரே துணி" என்றார்.

"ஒங்களுக்கு இது எங்கால கிடைச்ச?" என்று ஓவசியர் கேட்டார். நான்தான் விசயத்தைச் சொன்னேன். சந்தேகம் அவர்மேல்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

"முதல்ல அதுல ஏதும் ரோசா நட்டீங்களா, காக்கா?"

"செவப்பு ஒண்டு. அது செத்துட்டு."

"வேரோட புடுங்கினீங்களா?"

"இல்ல. முறிச்சன்."

ஓவசியர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்ப வெச்சவரு நீங்கதான், காக்கா. வேற ஆரு?"

காக்கா தொட்டி விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார். "நாலு கிழமையா நான் என்னயா தேடித் திரிஞ்சன்?" என்றார். பிறகு சிரித்தார். மனைவி போன பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தேத்தண்ணி கொண்டுவந்த ஓவசியரின் மனைவி என்னவோ ஏதோவென்று வாசலில் நின்றுவிட்டார். அவருடைய சட்டையையும் சாரியையும் காக்கா ஒருமுறை பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ராத்தா, ஒங்கட சாரியெல்லாம் எடுத்துட்டு நாளைக்குக் கடைக்கு வாங்க. நான் வந்து நிண்டு வெட்டித் தாறன். வெயிலுல பாத்து."

காக்காவின் வீட்டுக்கு வந்தோம். மகள் போத்தலை வாங்கிப் பூவை மணந்தாள்.

"இது உம்மாட கலர் வாப்பா."

"உம்மாட கலர் செவப்புப் புள்ள."

"செவப்பு ஒங்கட கலர். நீங்க வெட்டித் தந்ததுக்காக உம்மா உடுத்த. அவக்கு விருப்பம் இதுதான். என்னத்துக்கு வாப்பாவோட வாதாடுற எண்டு செல்லல்ல."

ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்து துண்டுக் கொத்தை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பூவில் பிடித்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டுத் துண்டு. ஒன்றும் சேரவில்லை. கடைசியில் வெளிறிய ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, "கிட்டத்தட்ட" என்றார். யாரையும் பழிவாங்காமல் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றுதான்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் மையவாடிக்குப் போகிறேன். அவர் தண்ணீர் ஊற்றுவார். நான் பூவை எண்ணிச் சொல்வேன். போன கிழமை இருபத்தேழு. அப்போது தோளைத் தட்டி ஒரு வேலை தந்தார்.

"கிளாக்கர், இதுல ஒரு தடிய வெட்டி ஒங்கட வளவுல வேர்புடிக்க வைங்க. நான் மௌத்தானா என்ர கபுறுல நடுங்க. ரெண்டும் மெச்சிங்கா இரிக்கட்டும்."

நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. மூன்று தடி வெட்டி வந்து நட்டேன். மூன்றும் பிடித்துவிட்டன. காலையில் குந்தியிருந்து இலையை எண்ணிவிட்டு, அவசரமில்லை, ஆறுதலாக வளருங்கள் என்று சொல்லி, வேண்டுமென்றே கொஞ்சமாகத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.