ஏழாம் நம்பர் குரங்கு

கேரி தீவு சதுப்புக் காட்டில் கூண்டைத் திறந்ததும், குரங்கு சிவசம்புவின் கட்டைவிரலைக் கடித்துவிட்டு ஓடிப்போனது. கழுத்துப்பட்டி அவர் கையிலேயே இருந்தது.

பட்டியில் தீப்பெட்டி அளவில் ஒரு டேட்டா லாக்கர். குரங்கின் அசைவையும் உடம்புச் சூட்டையும் ஒரு மாதம் பதிவு செய்யும். அதை வைத்து, அது எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் டாக்டர் மார்க்கிரட் கண்டுபிடிப்பார். அவருடைய உதவியாளரான சிவசம்பு, கருவியை ஓடவிட்டு, 'மார்ச் 1996. ஏழாம் நம்பர். ஆண். பட்டி கட்டியாச்சு' என்று நோட்டில் முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தார்.

"உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் அவர் மனைவி புனிதவதி, பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் விரலுக்கு மருந்து போட்டபடி.

"போன மாசம்தான் ஒரு லாக்கரைத் தண்ணில விட்டேன். இதுவும் சொதப்பிச்சின்னா கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க லா."

லாக்கரை டிவி மேல் வைத்தார். மறுநாள்தான் உறைத்தது: அசையாமல் கிடந்தால் குரங்கு செத்துவிட்டதாக அல்லவா பதிவாகும்? பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கட்டினார். அது கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏணி வைத்து இறக்குவதற்குள் இன்னொரு விரலும் புண்ணானது.

கடைசியில் தன் அக்குளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மினிபஸ் புழுக்கத்தில் அரிப்பு தாங்கவில்லை.

"என்ன சிவசம்பு, குரங்கோட பழகி நீங்களும் சொறிய ஆரம்பிச்சிட்டீங்க?" என்றார் டாக்டர்.

அன்று மாலை புனிதவதி கையை நீட்டினாள். "கொடுங்க, நான் கட்டிக்கறேன். வீட்டுல என்னை யாரு பார்க்கப் போறாங்க?"

கல்யாணமாகி எட்டு வருடம். வீட்டில் அவர்கள் இருவர்தான். அவள் அதைக் கட்டியபடியே துணி துவைத்தாள், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனாள், கோயிலுக்கும் போனாள். நான்காவது வாரம் களைத்துப்போய்ப் பகலிலேயே படுத்துவிட்டாள். சிவசம்புவுக்கு மனசு கேட்கவில்லை.

"கழட்டிடு புனிதம். வேலை போனாப் போகுது."

"இன்னும் நாலு நாள்தானே," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

மாதம் முடிந்தது. டாக்டர் மார்க்கிரட் லாக்கரைக் கம்ப்யூட்டரில் மாட்டி, திரையில் வந்த கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.  சிவசம்பு எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தார்.

டாக்டர் கையமர்த்தினார். "ஆணுன்னு எழுதியிருக்கீங்க, தப்பு. பாருங்க, காய்ச்சலும் இல்ல, ஆனா ஏறின அரை டிகிரி சூடு பதினெட்டு நாளா இறங்கவே இல்ல. பகல்லயும் படுத்தே கிடக்கு... சிவசம்பு, உங்க குரங்கு மாசமா இருக்கு!"