மாமாவின் விமானத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

சுற்றுகிற எதைப் பார்த்தாலும் அதன் வைத்தியம் தனக்குத் தெரியும் என்று நினைப்பது கோயமுத்தூர்க்காரர்களின் வியாதி. எனக்கு அது முற்றிப் போயிருந்தது. அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை. போதாக்குறைக்கு நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வேறு படித்துத் தொலைத்திருந்தேன்.

கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவுக்கு (அம்மாவின் தம்பி) விமானப் பைத்தியம். தோப்பை ஒட்டி மண் ஓடுதளம் போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைத் தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். (அத்தை பாஷையில் அது ‘அந்தக் கெரகம்’.) அதை ஓட்ட வேண்டும் என்பது என் வெறி. ஒரு மழைக்காலத்தில் மாமா ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார். கறவை மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று அத்தை தோப்பிலேயே இருந்துவிட, துணைக்கு நான் போய்த் தங்கினேன்.

“அம்மணி, இஞ்சினுக்கு வேண்டியதெல்லாம் செஞ்சுபோட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நல்லபடியா இருந்துச்சுன்னா, வந்ததும் உன்னை ஓட்டப் பழக்கி உடறேன்” என்றார் மாமா.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் வந்ததில்லை.

மாமா புகைக்குழாயில் ஈரம் உறிஞ்சும் உருண்டைகள் கொண்ட பையை அடைத்து, இஞ்சினில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு தனி எண்ணெயை ஊற்றியிருந்தார். எனக்கு அது திருப்தியாக இல்லை. மழைக்காலத்தில் கிணற்று மோட்டாருக்கு வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும். அந்தச் சாத்திரத்தை அப்படியே விமானத்தின் மேல் ஏற்றினேன். பையைப் பிடுங்கி எறிந்தேன். எண்ணெயை வடித்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே உசத்தியான கார் எண்ணெயை ஊற்றினேன். தினமும் காலையில் விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி, பத்து நிமிடம் இஞ்சினை ஓட்டினேன்.

முதல் நாள் திட்டிய அத்தை, மறுநாள் அது கிளப்பும் காற்றைக் கவனித்தார். அதற்கடுத்த நாள் விமானத்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, துணிக்கொடி கட்டியாகிவிட்டது.

“ஏனம்மணி, இன்னைக்குக் கெரகத்தைக் கிளப்பலியா? கம்பளி நெம்ப ஈரமாக் கெடக்குது!”

ஒருநாள் எண்ணெய் மூடியைத் திறந்தேன். அடியில் பால் காப்பி நுரை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அப்போதுதான் இஞ்சின் கையேட்டைப் படித்தேன். (என்ன அவசரம், முதலிலேயே படிக்க?) தரையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் எண்ணெய் போதுமான அளவு சூடாகாதாம். எரிபொருள் எரிந்து உண்டாகும் ஈரம் வெளியேறாமல் எண்ணெயில் கலந்து துருவை வளர்க்குமாம். பறந்து நன்றாகச் சூடேறினால்தான் ஈரம் ஆவியாகிப் போகுமாம். கார் எண்ணெய் கூடவே கூடாதாம். ஆக, தினமும் காலையில் எழுந்து நான் துருவுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன்!

மாமாவை வீடியோவில் அழைத்தேன்.

“மாமா, தினமும் பத்து நிமிசம் இஞ்சினை ஓட்டிப்போட்டேனுங்க.”

“எப்ப இருந்து, கண்ணு?”

“நீங்க போனதுல இருந்துங்க.”

“எண்ணெய்?”

“கார் எண்ணெய்ங்க. நெம்ப உசத்தியானது.”

என் தோளுக்குப் பின்னாலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, “துணியெல்லாம் ஜோராக் காஞ்சுதுங்க!” என்றார்.

மாமா பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு, விமான இஞ்சினியர் ஒருவரோடு வந்து இறங்கினார். அவர் இஞ்சினுக்குள் மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தார். ஒரு சிலிண்டரைக் கழற்றியும் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பது போல நான் நின்றேன். என் பறக்கும் கனவும் உள்ளேதான் கிடந்தது.

“மேலாப்புல கொஞ்சம் துரு. மத்தபடி தப்பிச்சுது” என்றார் அவர். சுத்தம் செய்து, துருவைத் தடுக்கும் மருந்து கலந்த விமான எண்ணெயை ஊற்றினார். “இனி சும்மா நிறுத்தாதீங்க. வாரா வாரம் ஒரு மணி நேரம் பறக்கணும்.”

மாமா என்னை முறைத்தார். “எனக்கிருக்கற சோலிக்கு வாரா வாரம் எங்க போறது? துருப்புடிக்க வெச்சவ நீதான? ஓட்டப் பழகி, நீயே ஓட்டு. அதுதான் உனக்குத் தண்டனை.”

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்டனையை உடனே ஏற்றுக்கொண்டேன். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, முறைப்படி உரிமமும் வாங்கினேன். மாமாவின் விமானத்தில் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பி, தென்னை மரங்களுக்கு மேலே எழும்பி, பொள்ளாச்சி ரோட்டு பஸ்களைக் கீழே பார்த்தபோது தொண்டை கிழியக் கத்தினேன். எண்ணெய்ச் சூடு காட்டும் முள் சரியான இடத்தில் நின்றது. இறங்கி மூடியைத் திறந்தால் நுரை இல்லை. எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்த மூடியை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை மாடுகள் மிரண்டு பார்த்தன.

இப்போது மாமாவுக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாற்காலியைத் தேடி வந்தாரென்றால், அத்தை வாசலிலேயே மறித்துக்கொள்கிறார்.

“பத்து நிமிசம் ஓடுனாத் துருத்தானுங்க புடிக்கும். ஒரு மணி நேரம் போய்ட்டு வாங்க!”