பதினெட்டு மாத ஆண்டு

“உங்க சம்சாரத்துக்கு அறுபத்தேழுதான் ஆகுது பெரியவரே. நாளைக்குக் கோட்டைக்குக் கல் சுமக்க வந்தாகணும்.”

“போன மாசம் வரைக்கும் நூத்தியொண்ணுங்கய்யா. கண்ணு ரெண்டும் தெரியாது.”

“கண்ணுக்குச் சட்டத்துல இடமில்ல. எண்பது நிறைஞ்சாத்தான் விலக்கு.”

வயதுத்துறை அதிகாரி மகிழ்நன் முத்திரையை ஊதித் துடைத்தார். எதிரே நின்ற காத்தமுத்துவுக்கு நூற்று நான்கு வயது, புதுக்கணக்கில் அறுபத்தொன்பது. தன் பங்குக் கல்லைக் காலையிலேயே சுமந்துவிட்டு, மனைவி பொன்னாத்தாளுக்கு விலக்குக் கேட்டு வந்திருந்தார். உரிந்த தோளில் சட்டை ஒட்டியிருந்தது.

நெடுநாட்டில் நூறு வயதைத் தாண்டுவது பெரிய விஷயமல்ல. அதனால்தான் முன்னோர், நூறு நிறைந்த மன்னர் அன்றே முடிதுறக்க வேண்டும் என்று சட்டம் செய்திருந்தார்கள். இப்போதைய மன்னருக்குப் போன பௌர்ணமியில் நூறு நிறைய இருந்தது. அவர் சட்டத்தைத் தொடவில்லை. சட்டத்தை மதிப்பவர் என்று பெயரெடுத்தவர். ஓர் ஆண்டுக்கு இனிப் பதினெட்டு மாதங்கள் என்று மட்டும் அறிவித்தார். மறுநாள் நாடே இளமையாக விழித்தது. தெருவெங்கும் தோரணம் கட்டினார்கள். வாக்குரிமை பெற்றிருந்த ஒரு லட்சம் பேர் மீண்டும் பிள்ளைகளானார்கள்.

“அப்ப பிள்ளைத்தாச்சிக்கு எத்தனை மாசங்கய்யா? பத்தா, பதினஞ்சா?” என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. வரிசை சிரித்தது.

“அது அரசின் பரிசீலனையில் உள்ளது” என்றார் மகிழ்நன், சிரிக்காமல்.

அப்போது அரண்மனைச் சேவகன் ஓலையோடு வந்தான். மகிழ்நன் எழுந்து நின்று உரக்க வாசித்தார்: “அறுபத்தாறு வயதும் மாமன்னரின் சுறுசுறுப்புக்குப் பொருந்தாமையால், ஓர் ஆண்டுக்கு இனி முப்பது மாதங்கள். மன்னருக்கு வயது நாற்பது. வாழ்க!”

“வாழ்க!” என்றது வரிசை.

“பெரியவருக்கு நாப்பத்தொண்ணாம்! பொண்ணு பாக்கலாம்!” என்றாள் அவளே.

காத்தமுத்து விரல்விட்டு எண்ணினார். பொன்னாத்தாளுக்கு இப்போது நாற்பது. எண்பதைத் தொட, பழைய கணக்கில் இன்னும் தொண்ணூற்றொன்பது வருடம் அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

மகிழ்நனும் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் ஒருமுறை அசைந்து நின்றன. போன ஆவணியில் அவருக்கு ஐம்பது. புதிய கணக்கில் இருபது. அரசுப் பதவிக்கு இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டும். சேவகன் மரியாதையாகக் கைநீட்டினான். முத்திரையைக் கொடுத்துவிட்டு அவர் நாற்காலியிலிருந்து விலகி நின்றார்.

காத்தமுத்துவுக்கு அவரைத் தவிர வேறு அதிகாரி யாரையும் தெரியாது. அவரிடமே கைகூப்பினார்.

“ஐயா, அவ பங்குக் கல்லையும் நானே சுமந்துடறேன். அவளுக்கு மட்டும் அந்தப் பழைய வயசைத் திருப்பிக் குடுத்துடுங்கய்யா.”